3.97 சதவீதத்தில் ஒரு வெற்றி: பெனிடார்ம் 2022

2022 ஜனவரி 29 இரவு, ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரை நகரமான பெனிடார்மில் நடந்த தேசியப் பாடல் தேர்வின் இறுதிச் சுற்றில் எட்டுப் பாடல்கள் நின்றன. தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் மக்கள் போட்ட வாக்குகளில் 70.75 சதவீதம் ஒரே பாடலுக்கு விழுந்தது. அந்தப் பாடல் மூன்றாவதாக வந்தது. 18.08 சதவீதம் பெற்ற பாடல் இரண்டாவதாக வந்தது. முதலிடம் பெற்று, அந்த ஆண்டு மே மாதம் இத்தாலியின் டூரின் நகரில் நடக்கவிருந்த, ஐரோப்பிய நாடுகள் தலா ஒரு பாடலுடன் மோதும் யூரோவிஷன் போட்டிக்கு ஸ்பெயினின் பெயரில் போன பாடலுக்கு மக்கள் போட்டது 3.97 சதவீதம்.

இதைப் படிக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது மோசடி என்ற சொல்தான். ஸ்பெயினிலும் அதுவே தோன்றியது. 'தோங்கோ' என்பது அங்கே முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டத்தைக் குறிக்கும் சொல். அன்றிரவு சமூக ஊடகங்கள் முழுக்க அந்தச் சொல்தான். ஆனால் யாரோ வாக்குகளை மாற்றியதாக எவரும் நிரூபிக்கவில்லை. அறிவித்த விதி, அறிவித்தபடியே நடந்தது. இந்த நிகழ்வு ஆய்வுக்கு உரியதாவது அதனால்தான். மோசடி என்றால் குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கதையை முடித்துவிடலாம். விதியே இப்படி ஒரு முடிவைப் பெற்றெடுத்தது என்றால், அந்த விதியைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கிருந்து வந்தது இந்தப் போட்டி

யூரோவிஷனில் ஸ்பெயின் கடைசியாக வென்றது 1969-இல். அதுவும் தனி வெற்றி இல்லை. மாட்ரிட் நகரில் நடந்த அந்தப் போட்டியில் ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் நான்கும் தலா 18 புள்ளிகள் பெற்றன. சமநிலை வந்தால் என்ன செய்வது என்று விதியில் ஒரு வரிகூட இல்லை. நான்கு நாடுகளையும் வெற்றியாளராக அறிவித்தார்கள். கோபித்துக்கொண்ட சில நாடுகள் அடுத்த ஆண்டு வரவில்லை. விதியில் விட்ட ஓட்டை என்ன செய்யும் என்பதற்கு இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே நல்ல பாடம் அது.

அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் 1995-இல் அனபெல் கோந்தே பெற்ற இரண்டாம் இடத்தைப் போன்ற சில நல்ல ஆண்டுகள் உண்டு. 2015 முதல் நிலைமை படுமோசம். 21, 22, கடைசி, 23, 22 என்று வரிசையாகப் பட்டியலின் அடியில்தான் ஸ்பெயின் கிடந்தது. 2021-இல் ராட்டர்டாமில் பிளாஸ் கந்தோ 6 புள்ளிகளுடன் 24-ஆம் இடம் பெற்றார். ஆறும் நடுவர்கள் தந்தவை. ஐரோப்பிய மக்கள் வாக்கில் கிடைத்தது பூஜ்யம். போட்டிக்கு அதிகப் பணம் தரும் ஐந்து நாடுகளில் ஒன்று என்பதால் ஸ்பெயின் அரையிறுதி இல்லாமலே நேராக இறுதிக்குப் போய்விடும். அந்தச் சலுகை இல்லாவிட்டால் பல ஆண்டுகளில் இறுதி மேடையையே பார்த்திருக்காது என்பது என் கணிப்பு.

பாடலைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் நிலைத்தன்மை இல்லை. ஒரு காலத்தில் தொலைக்காட்சிப் பாட்டுப் பள்ளி நிகழ்ச்சியின் மாணவர்களிலிருந்து எடுத்தார்கள். சில ஆண்டுகளில் அரசுத் தொலைக்காட்சியே ஆளை முடிவு செய்தது. 2008-இல் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பாடலைப் போடலாம், மக்கள் வாக்களிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். ஓர் இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சி உருவாக்கிய ரோடோல்ஃபோ சிக்கிலிக்குவாத்ரே என்ற கற்பனைப் பாத்திரம், விளையாட்டுக் கிதாரும் உயர்த்திச் சீவிய பொய்முடியுமாக வந்து வென்றது. யூரோவிஷன் நடந்த பெல்கிரேடில் 16-ஆம் இடம். சிரிக்க வேண்டாம், அதற்கு அடுத்த பத்தாண்டுகளில் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு போன பலர் அதைவிடக் கீழே வந்தார்கள்.

2017-இல் நடந்தது இந்த ஆய்வுக்கு இன்னும் நெருக்கமானது. அந்த ஆண்டுத் தேசியத் தேர்வில் மனேல் நவார்ரோ, மிரேலா இருவரும் 58 புள்ளிகளில் சமமாக நின்றார்கள். மக்கள் வாக்கில் முந்தியவர் மிரேலா. மேடையில் இருந்த மூன்று நடுவர்கள் நேரலையில் மனேலைத் தேர்ந்தெடுத்தார்கள். அரங்கத்தில் 'தோங்கோ, தோங்கோ' என்ற கூச்சல் எழுந்தது. வெற்றியாளர் கூட்டத்தைப் பார்த்து அநாகரிகமாகக் கையைக் காட்டினார். யூரோவிஷன் நடந்த கீவ் நகரில் அவர் குரல் நேரலையில் உடைந்தது. 5 புள்ளிகள், கடைசி இடம். ஐந்தும் பக்கத்து நாடான போர்ச்சுகல் மக்கள் போட்டவை. நடுவர்கள் மக்களை மிதித்தால் இதுதான் கதி என்ற எண்ணம் ஸ்பானிய ரசிகர்கள் மனத்தில் அன்றைக்கே பதிந்துவிட்டது. 2022-இன் கோபத்தில் பாதி, 2017-இன் பாக்கி.

ராட்டர்டாம் தோல்விக்குப் பிறகு அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.வி.இ. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க முடிவு செய்தது. இத்தாலிக்கு சான்ரெமோ, சுவீடனுக்கு மெலோடிஃபெஸ்டிவாலன் இருப்பதுபோல் தனக்கும் ஒரு பெயர் பெற்ற விழா வேண்டும் என்று நினைத்தது. பெனிடார்முக்கு அந்தப் பழைய பெருமை இருந்தது. 1959-இல் அங்கே தொடங்கிய பாடல் விழாவில்தான் 1968-இல் ஹூலியோ இக்லேசியாஸ் என்ற அறிமுகமில்லாத இளைஞர் வென்று பின்பு உலகப் புகழ் பெற்றார். வலென்சியா பகுதி அரசும் நகராட்சியும் கைகொடுத்தன. பரிசாக வெண்கல ஒலிவாங்கி. 14 பாடல்கள் அறிவிக்கப்பட்டன. அதில் லூனா கி என்ற பாடகி, குரலைத் திருத்தும் மின்னணுக் கருவியை நேரலையில் பயன்படுத்த யூரோவிஷன் விதி இடம் தராது என்பதால் அரையிறுதிக்கு இரண்டு நாள் முன்பு விலகினார். அந்தக் கருவி இல்லாமல் தன் பாட்டு தன் பாட்டே இல்லை என்பது அவர் வாதம். அதுவும் விதியைப் பற்றிய சண்டைதான். ஆனால் அவர் சண்டையைப் போட்டிக்கு முன்பே போட்டார்.

மூன்று பாடல்கள்

மூவரையும் தனித்தனியாக அறிந்தால்தான் அந்த இரவின் சூடு புரியும்.

தன்ஷுகெய்ராஸ் என்பது வடமேற்கு ஸ்பெயினில் உள்ள கலிசியாவைச் சேர்ந்த மூன்று பெண்களின் குழு: ஐதா தர்ரீயோ, இரட்டைச் சகோதரிகளான ஒலாயா, சபேலா மனேய்ரோ. கலிசியக் கிராமங்களில் பெண்கள் கூடி, நம் கஞ்சிராவுக்கு உறவான பாந்தெய்ரேதாவைத் தட்டிக்கொண்டு பாடும் மரபு பழையது. அந்தத் தாளத்தையும் அடித்தொண்டைக் கூவலையும் மின்னணு இசையோடு சேர்த்து 'தெர்ரா' என்ற பாடலைச் செய்திருந்தார்கள். மொழி கலிசியன். எல்லைகள் இல்லை என்று பொருள்படும் ஒரு வரியை மட்டும் ஸ்பெயினின் பல மொழிகளில் மாற்றி மாற்றிப் பாடினார்கள்.

ஸ்பெயினில் இது சின்ன விஷயம் இல்லை. 1968-இல் நாட்டின் சார்பாக லண்டன் போகவிருந்த ஜுவான் மனுவேல் செர்ராத், பாடலைக் கட்டலான் மொழியில்தான் பாடுவேன் என்றார். அது சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிக்காலம். அவரை நீக்கிவிட்டு மஸ்ஸியேல் என்ற பாடகியை அவசரமாக அழைத்து அதே பாடலை ஸ்பானிய மொழியில் பாடவைத்தார்கள். அவர் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பிரிட்டனைத் தோற்கடித்து வென்றார். அதற்குப் பிறகு சர்வாதிகாரம் போய் மக்களாட்சி வந்து, கட்டலானும் பாஸ்க்கும் கலிசியனும் தத்தம் பகுதிகளில் ஆட்சிமொழிகளாகிவிட்டன. யூரோவிஷன் மேடையில் மட்டும் அந்த மொழிகளில் அமைந்த ஒரு முழுப் பாடலை ஸ்பெயின் 2022 வரை அனுப்பியதே இல்லை. 'தெர்ரா'வுக்கு விழுந்த வாக்குகளில் இந்தக் கணக்கும் இருந்தது.

ரிகோபெர்தா பந்தினி என்பது பார்சிலோனாவைச் சேர்ந்த பவுலா ரிபோவின் மேடைப் பெயர். அவருடைய 'ஐ மமா' தாய்மார்களைப் போற்றும் பாட்டு. குளிர்பதனப் பெட்டியில் எப்போதும் சூப் இருக்கப் பார்த்துக்கொண்ட அம்மாக்களைப் பாடும், பெண்ணின் மார்பைக் கண்டு உலகம் ஏன் இவ்வளவு பயப்படுகிறது என்றும் கேட்கும். போட்டிக்கு முன்பே நாடெங்கும் ஒலித்தது. போட்டி முடிந்த பிறகும் பெண்கள் ஊர்வலங்களில் அதைப் பாடினார்கள்.

மூன்றாமவர் ஷனெல் தெர்ரேரோ. கியூபாவின் ஹவானாவில் பிறந்து, பார்சிலோனாவுக்கு அருகில் உள்ள ஒலேசா தெ மொன்செர்ராத் என்ற ஊரில் வளர்ந்தவர். ஆடல்பாடல் நாடகங்களில் பல ஆண்டுகள் உழைத்தவர். பாடகியாகப் பெயர் பெற்றவர் அல்லர். அவருடைய 'ஸ்லோமோ' பல நாட்டுப் பாடலாசிரியர்கள் கூடி எழுதியது. ஸ்பானிய மொழியில் ஆங்கிலம் கலந்து, தன் இடுப்பசைவைப் பற்றித் தானே பெருமை பேசும் துள்ளல் பாட்டு. மண்ணும் இல்லை, தாயும் இல்லை, கொள்கையும் இல்லை. இருந்தது மூன்று நிமிடம் மூச்சிரைக்காத ஆட்டமும், ஆட்டத்தின் நடுவிலும் பிசகாத சுருதியும்.

ஒரு பக்கம் ஒரு மொழியின் மானம், இன்னொரு பக்கம் பெண்ணியத்தின் குரல், நடுவில் ஒரு நடனக்காரி. யாருக்கு எதிராகக் கோபம் திரும்பும் என்பதை அன்று மாலையே சொல்லியிருக்கலாம்.

முன்னெச்சரிக்கையும் இருந்தது. ஜனவரி 26 அன்று நடந்த முதல் அரையிறுதியில் ஷனெலும் தன்ஷுகெய்ராஸும் ஒரே மேடையில்தான் மோதினார்கள். வென்றவர் ஷனெல். இறுதிக்கும் அதே விதிதான் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று நாள்கள் கைவசம் இருந்தும் அந்த முடிவை யாரும் உட்கார்ந்து படிக்கவில்லை.

விதியும் கணக்கும்

விதி இது. மொத்தப் புள்ளிகளில் பாதி தொழில்முறை நடுவர்கள் கையில். அதில் வெளிநாட்டு நடுவர்களுக்கு 30 சதவீதம், உள்நாட்டு நடுவர்களுக்கு 20. கால்பங்கு, நாட்டு மக்களின் வயது, பகுதி போன்றவற்றுக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்த 350 பேர் கொண்ட மாதிரிக் குழுவுக்கு. மீதிக் கால்பங்கு காசு கொடுத்து வாக்களிக்கும் பொதுமக்களுக்கு. அதாவது நடுவர்களிடமிருந்து ஒரு பாடல் பெறக்கூடிய உச்சம் 60; மாதிரிக் குழுவிடம் 30; மக்களிடம் 30.

இறுதி இரவின் புள்ளிகள் இவை. ஷனெல்: நடுவர்கள் 51, மாதிரிக் குழு 25, மக்கள் 20, மொத்தம் 96. ரிகோபெர்தா: 46, 20, 25, மொத்தம் 91. தன்ஷுகெய்ராஸ்: 30, 30, 30, மொத்தம் 90.

முதலிடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் ஆறே புள்ளி இடைவெளி. ஆனால் மக்கள் வாக்கில் ஷனெலைப் போலக் கிட்டத்தட்ட 18 மடங்கு பெற்றது தன்ஷுகெய்ராஸ். அந்தப் 18 மடங்கு எங்கே போனது? 30-க்கும் 20-க்கும் இடையிலுள்ள ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிட்டது. காரணம், விதி வாக்குகளை எண்ணவில்லை. வாக்குகளின் வரிசையை மட்டும் எண்ணியது. முதலாவது வந்தால் 30, இரண்டாவதுக்கு 25, மூன்றாவதுக்கு 20. எத்தனை தூரம் முந்தினீர்கள் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. 34 சதவீதம் வாங்கி முதலாவது வந்திருந்தாலும் அதே 30 தான் கிடைத்திருக்கும்.

இந்த வரிசை முறை யூரோவிஷனிடமிருந்தே வந்தது. ஆனால் அங்கே அது நியாயமாக வேலை செய்ய ஒரு காரணம் உண்டு. டூரினில் 40 நாடுகள் வாக்களித்தன. ஒவ்வொரு நாடும் தன் வரிசையைத் தனியாகத் தருகிறது. மால்டாவும் ஜெர்மனியும் சமம். ஒரு பாடல் மிகப் பிரபலமானால் நாற்பது இடங்களில் முதலிடம் பெற்று அந்தப் பிரபலத்தைப் புள்ளியாகக் காட்டிவிடும். பெனிடார்மில் நாடு முழுவதும் ஒரே பெட்டி. ஒரே ஒரு முறை வரிசைப்படுத்தியவுடன் அளவு முழுவதும் ஆவியாகிவிடுகிறது. பல பெட்டிகளுக்காகத் தைத்த சட்டையை ஒரு பெட்டிக்கு மாட்டினார்கள் என்பதுதான் இந்த நிகழ்வின் மையப் பிழை என்று நினைக்கிறேன். நடுவர்களுக்குப் பாதி கொடுத்தது பிழை என்று அன்று பலர் எழுதினார்கள். நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

அதே இரவின் எண்களை வேறு விதிகளில் போட்டுப் பார்க்கலாம். மக்கள் புள்ளியை வரிசைப்படி தராமல் வாக்கு விகிதப்படி தந்து, முதலிடத்துக்கு 30 என்று வைத்தால், ரிகோபெர்தாவுக்கு ஏழரைக்குச் சற்று மேல், ஷனெலுக்கு 2-க்கும் குறைவு. மொத்தத்தில் தன்ஷுகெய்ராஸ் 90, ஷனெல் ஏறத்தாழ 78, ரிகோபெர்தா 74. நடுவர்களுக்கு ஒரு புள்ளிகூடக் குறைக்காமலே கலிசியக் குழு வென்றுவிடும்.

மாதிரிக் குழுவை எடுத்துவிட்டு, யூரோவிஷன் இறுதியைப்போல நடுவர் பாதி, மக்கள் பாதி என்று வைத்தால் இன்னும் விசித்திரம். மக்கள் புள்ளி இரட்டிப்பாகும்: ஷனெல் 91, ரிகோபெர்தா 96, தன்ஷுகெய்ராஸ் 90. அன்று அறிவித்த அதே மூன்று எண்கள். முதல் இரண்டு பெயர்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. 'ஐ மமா' டூரின் போயிருக்கும்.

எழுதிய விதிப்படி 'ஸ்லோமோ', விகிதப்படி 'தெர்ரா', பாதிக்குப் பாதி என்றால் 'ஐ மமா'. வாக்கு ஒன்றுதான், வெற்றியாளர் மூவர். ஷனெலை வெல்லவைத்தவர்கள் யார் என்று ஒருவர் கேட்டால், ஜனவரிக்குப் பல மாதம் முன்பு ஓர் அலுவலக மேசையில் விதியைத் தட்டச்சு செய்தவர்கள் என்றுதான் நான் பதில் சொல்வேன். அவர்களுக்கு ஷனெல் யாரென்றே அப்போது தெரிந்திருக்காது.

இங்கே ஒரு மறுப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும். 70 சதவீதம் என்பது கலிசியா முழுவதும் திரண்டு தொலைபேசியை அழுத்தியதால் வந்தது, அது ஸ்பெயினின் விருப்பம் இல்லை என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். காசு கொடுத்தால் பலமுறை வாக்களிக்கலாம் என்னும்போது அதில் உண்மை இருக்கத்தான் செய்யும். கலிசியாவின் மக்கள்தொகை சுமார் 27 லட்சம், ஸ்பெயினுடையது 4.7 கோடி. ஊர்ப்பாசம் வாக்கைப் பெருக்கியிருக்கும். ஆனால் அந்தப் பெருக்கத்தைத் தட்டிச் சமப்படுத்துவதற்காகவே வைத்த 350 பேர் குழுவும் தன்ஷுகெய்ராஸுக்குத்தான் முதலிடம் தந்தது. இந்த ஒரு தகவல் கலிசியத் திரட்டல் என்ற வாதத்தைப் பெரும்பாலும் வீழ்த்திவிடுகிறது. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தக் குழு இரண்டாவதாக வைத்தது ஷனெலை. ரிகோபெர்தாவை அல்ல. 3.97 சதவீதத்தைப் பார்த்து ஷனெலை யாருக்கும் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டியவர்கள் இதைக் கவனிக்கவில்லை. மிகப் பிடித்த பாட்டுக்குத்தான் மக்கள் காசு செலவழிப்பார்கள். ஓரளவு பிடித்த பாட்டுக்குச் செலவழிப்பதில்லை. ஆக, தொலைபேசி வாக்கு அளப்பது வெறியை; மாதிரிக் குழு அளப்பது விருப்பத்தை.

அடுத்த நாள்கள்

கோபம் விதியின் மேல் போகவில்லை. விதிக்கு முகம் கிடையாது, ஷனெலுக்கு இருந்தது. இனவெறியும் ஆபாசமும் கலந்த வசைகள் குவிந்தன. அவருடைய பிறப்பிடத்தையும் உடலையும் பாட்டின் வரிகளையும் பிடித்துக்கொண்டு தாக்கினார்கள். சில நாள்களில் அவர் தன் ட்விட்டர் கணக்கை மூடிவிட்டார். தோற்ற இரு தரப்பினரும் அவரைத் தாக்குவதை நிறுத்தும்படி தங்கள் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

உள்நாட்டு நடுவர்களில் ஒருவர் முன்பு ஷனெலுடன் தொழில்முறையில் பழகியவர் என்ற செய்தி வந்ததும் தீயில் எண்ணெய் விழுந்தது. அந்த நடுவர் பாரபட்சமாக நடந்தார் என்பதற்குச் சான்று எதுவும் வரவில்லை. ஆனால் சிறிய இசை, நடன உலகத்திலிருந்து கையளவு நடுவர்களை எடுக்கும்போது, யார் யாரோடு வேலை செய்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு அறிவிப்பது கடினமான வேலை அல்ல. அதைச் செய்யாமல் விட்டது நிர்வாகத்தின் அலட்சியம். விளைவைச் சுமந்தவர்கள் அந்த நடுவரும் பாடகியும்.

பிறகு அரசியல் வந்தது. கலிசிய தேசியக் கட்சி முதல் வலதுசாரி மக்கள் கட்சி வரை, வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள், நாடாளுமன்றத்தில் அரசுத் தொலைக்காட்சியிடம் விளக்கம் கேட்டார்கள். ஒரு பெரிய தொழிற்சங்கம் முடிவை ரத்து செய்யச் சொன்னது. ஒரு பாட்டுப் போட்டியின் புள்ளிமுறை நாடாளுமன்றக் கேள்வியானதை வெளிநாட்டுச் செய்தியாளர்கள் வேடிக்கையாக எழுதினார்கள். பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனம், பொதுமக்களிடம் காசு வாங்கி வாக்கு எடுக்கிறது. கேள்வி கேட்பதில் வேடிக்கை என்ன? நிர்வாகம் முடிவை மாற்றவில்லை. வசையைக் கண்டித்தது, வரும் ஆண்டுகளுக்கு வாக்குமுறையைப் பரிசீலிப்பதாகச் சொன்னது.

டூரின்

மே 14. ஷனெல் காளைச்சண்டை வீரரின் உடையை நினைவூட்டும் மின்னும் கறுப்பு ஆடையில் வந்தார். ஆட்டத்தில் ஒரு பிசகு இல்லை. 459 புள்ளிகள், மூன்றாம் இடம். யூரோவிஷனில் அதுவரை ஸ்பெயின் பெற்ற புள்ளிகளில் இதுவே மிக அதிகம். இடத்தைப் பொறுத்தவரை 1995-க்குப் பிறகு மிகச் சிறந்தது. நடுவர்கள் 231, மக்கள் 228. இரண்டு பட்டியல்களிலும் தனித்தனியாக மூன்றாம் இடம். சொந்த நாட்டில் 3.97 சதவீதம் வாங்கியவருக்கு ஐரோப்பிய மக்கள் பட்டியலில் உக்ரைன், மால்டோவா ஆகிய இரண்டு நாடுகள்தான் முன்னால் இருந்தன.

மறுநாளே ஸ்பெயினில் 'மன்னித்துவிடு ஷனெல்' என்ற அலை எழுந்தது. ஜனவரியில் வைதவர்களில் எத்தனை பேர் அதில் சேர்ந்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

இத்தாலியர்களுக்கு இந்தக் கதை பழகியது. 2019 சான்ரெமோவின் கடைசிச் சுற்றில் உல்தீமோ என்ற பாடகர் மக்கள் வாக்கில் 46.5 சதவீதம் பெற்றார். மஹ்மூத் பெற்றது 14.1. நடுவர்கள் மஹ்மூதைத் தூக்கினார்கள். எகிப்தியத் தந்தைக்கு மிலானில் பிறந்தவர் என்பதால் அரசியல்வாதிகளும் இறங்கினார்கள். டெல் அவிவில் நடந்த யூரோவிஷனில் மஹ்மூத் 472 புள்ளிகளுடன் இரண்டாவது வந்தார்.

டூரினின் முதல் மூவரையும் சேர்த்துப் பார்த்தால் தேர்வுமுறை பற்றிப் பேசும் எவருக்கும் தலை சுற்றும். வென்ற உக்ரைனின் கலுஷ் ஆர்கெஸ்ட்ரா, தன் நாட்டுத் தேர்வில் இரண்டாவது வந்த குழு. முதலாவது வந்த அலினா பாஷ், பழைய கிரிமியப் பயணம் பற்றிய சர்ச்சையில் பிப்ரவரியில் விலகியதால்தான் வாய்ப்பு வந்தது; வாய்ப்பை ஏற்ற இரண்டாம் நாள் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியது. இரண்டாம் இடம் பெற்ற பிரிட்டனின் சாம் ரைடரை பிபிசி தானே தேர்ந்தெடுத்தது. மக்களிடம் ஒரு வாக்கும் கேட்கவில்லை. மூன்றாவது ஷனெல்.

அப்படியானால் நடுவர்கள் சொன்னதுதான் சரியா? பாதி சரி. ஐரோப்பாவில் எது எடுபடும் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் நன்றாகவே தேறியது. புள்ளிகளில் வெளிநாட்டு நடுவர்களுக்கு 30 சதவீதம் வைத்ததன் நோக்கமும் அதுவே. முந்தைய ஆண்டின் பூஜ்யத்தைப் பார்த்த ஒரு நிறுவனம் வேறென்ன செய்யும்? ஆனால் 'தெர்ரா' போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு மறுதேர்வு கிடையாது. உக்ரைனின் வெற்றிப் பாடலே நாட்டுப்புறக் குழலும் ராப்பும் கலந்தது. மால்டோவாவின் பாடலும் நாட்டுப்புறச் சாயல் கொண்டது. அந்த ஆண்டு மக்கள் வாக்கின் முதல் இரண்டு இடங்களும் அந்த வகைக்குத்தான் போயின. பாந்தெய்ரேதாவுக்கு டூரினில் இடம் இருந்திருக்காது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மேலும், கலிசியாவில் வாக்களித்தவர்கள் பதில் சொன்ன கேள்வியே வேறு. யார் ஜெயிப்பார் என்று அவர்கள் யோசிக்கவில்லை. நம் பெயரில் யார் பேச வேண்டும் என்று யோசித்தார்கள். இரண்டும் நேர்மையான கேள்விகள். தேசியத் தேர்வு என்ற ஏற்பாடு இந்த இரண்டையும் ஒரே சீட்டில் அச்சடித்துத் தந்துவிட்டு, பதில்களைக் கூட்டி ஓர் எண்ணாக்கிக் காட்டியது. நீங்கள் எதற்கு வாக்களிக்கிறீர்கள், அது எந்த அளவுக்கு எண்ணப்படும் என்று திரையில் இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால், ஜனவரி 29-இன் ஏமாற்றம் இருந்திருக்கும். ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வு இருந்திருக்காது.

பின்பு

பெனிடார்ம் விழா இந்தச் சண்டையால் அழியவில்லை, வேர்பிடித்தது. முதல் ஆண்டிலேயே நாடு முழுவதும் அதைப் பற்றித்தான் பேச்சு என்றால் எந்தத் தொலைக்காட்சிதான் வருந்தும்? முடிவுகள் மட்டும் மீண்டும் சரிந்தன. 2023-இல் சென்ற பிளாங்கா பலோமாவின் ஃபிளமெங்கோப் பாடலுக்கு லிவர்பூலில் நடுவர்கள் 95 புள்ளிகள் தந்தார்கள், மக்கள் 5. மொத்தம் 100, 17-ஆம் இடம். 2024-இல் நெபுலோஸா 30 புள்ளிகளுடன் 22-ஆவது. 2025-இல் மெலடி 37 புள்ளிகளுடன் 24-ஆவது. ஷனெலின் மூன்றாம் இடத்தை எந்தத் தேர்வுமுறையாலும் மறுபடி வார்த்தெடுக்க முடியவில்லை.

2025 டிசம்பரில், இஸ்ரேலைப் பங்கேற்க அனுமதித்ததை எதிர்த்து, வியன்னாவில் 2026-இல் நடக்கவிருந்த யூரோவிஷனுக்கு வருவதில்லை என்று ஆர்.டி.வி.இ. அறிவித்தது. பெனிடார்ம் விழா மட்டும் நடக்கும் என்றது. எங்கும் ஆளை அனுப்பாத அந்த ஆண்டு விழாவில், ஐரோப்பாவில் எது எடுபடும் என்ற கேள்வியை நடுவர்களிடம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.